பத்து நிமிட இடைவெளி: நோர்த்விக் பார்க் மருந்துச் சோதனையை முன்வைத்துச் சில குறிப்புகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஊரிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடி வந்தான். தேநீர் குடித்து முடிக்கும்வரை வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. ஊர்ப் புதினம், பனிக் குளிர், வாடகை என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். அதில் ஒரு விளம்பரம். ஆரோக்கியமான ஆண்கள் தேவை, பதினெட்டு வயதுக்கு மேல், புகைப்பழக்கம் இருக்கக்கூடாது.

"மாமா, ரெண்டு கிழமை அங்கை நிண்டால் காணும். சாப்பாடும் தருவினம். மூவாயிரம் பவுணுக்குக் கிட்டக் குடுப்பினமாம்."

"என்ன மருந்து எண்டு கேட்டனியோ?"

"பேர் இல்லை மாமா. ரெண்டு மூண்டு எழுத்தும் ஒரு இலக்கமும்தான் போட்டிருக்கு."

பெயர் இல்லாததில் வியப்பில்லை. ஒரு மருந்து கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு அதற்கு எழுத்தும் இலக்கமும் மட்டுந்தான் உண்டு. மனிதரிடம் முதன்முதலாகச் சோதிக்கப்படும் பத்து மருந்துகளில் ஏறக்குறைய ஒன்றே கடைசியில் அனுமதி பெற்று மருந்துக் கடைக்கு வந்து சேர்கிறது. மற்றவை இலக்கங்களாகவே செத்துப்போகின்றன. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டதும் வேறோர் எழுத்தும் இலக்கமும் எனக்கு நினைவுக்கு வந்தன. ரி.ஜி.என்.1412. அது நடந்தபோது இந்தப் பையன் தாயின் மடியில் இருந்திருப்பான். அவனுக்கு அன்று நான் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நோர்த்விக் பார்க் வைத்தியசாலையை இலண்டன் தமிழருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. வெம்பிளி, அல்பேர்ட்டன், கென்ரன், ஹரோ பக்கம் குடியிருக்கும் எங்கள் குடும்பங்களில் அங்கே ஒரு தடவையாவது இரவிரவாகக் காத்துக் கிடக்காத குடும்பம் குறைவு. மெட்ரோபாலிட்டன் ரயிலில் இறங்கினால் நடந்தே போகலாம். அந்த வளாகத்துக்குள், வைத்தியசாலையின் நிர்வாகத்துக்கு உட்படாமல் தனியாக, பரெக்ஸல் என்னும் அமெரிக்க நிறுவனம் 2006இல் ஒரு மருந்துச் சோதனைப் பிரிவை நடத்தி வந்தது. மருந்தைக் கண்டுபிடிக்கும் சிறு நிறுவனங்கள் அதை மனிதரிடம் சோதிக்கும் வேலையை இவ்வாறான ஒப்பந்த நிறுவனங்களிடம் விட்டுவிடுவது வழக்கம். இந்த மருந்தின் சொந்தக்காரர் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இருந்த ரெஜெனெரோ. ஏறக்குறைய இந்த ஒரு மருந்தையே நம்பி நின்ற சின்னக் கம்பனி அது.

2006 மார்ச் 13, திங்கட்கிழமை. காலை எட்டு மணி. எட்டு இளைஞர்கள் கட்டில்களில் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 2,000 பவுண் பேசப்பட்டிருந்தது. எட்டில் ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. மருந்து நரம்பினூடாகச் சில நிமிடங்களில் ஏற்றப்பட்டது. ஒருவருக்கு ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து அடுத்தவருக்கு, அதன்பின் பத்து நிமிடத்தில் அதற்கடுத்தவருக்கு. கடைசி ஆளுக்கும் மருந்து போய் முடிந்த சற்று நேரத்தில் முதல் ஆள் தலையிடிக்கிறது என்றார். ஒன்றரை மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற ஆறு பேருக்கும் தலையிடி, முதுகு நோ, வாந்தி, காய்ச்சல், இரத்த அழுத்தம் சரிவு. அன்றிரவு ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். உப்புநீர் பெற்ற இருவரும் பக்கத்துக் கட்டில்களிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் முதல் பத்திரிகைகளுக்குத் திருவிழா. முகமும் தலையும் வீங்கிப்போன ஒருவரைப் பற்றி 'யானை மனிதன்' என்று தலைப்பிட்டன. உயிர் போகவில்லை, ஆறு பேரும் பிழைத்தார்கள். ஆனால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர் கால்விரல்களையும் கைவிரல்களின் நுனிகளையும் இழந்தார். ரெஜெனெரோ அதே ஆண்டு யூலையில் கடனைக் கட்ட முடியாத நிலையை அறிவித்தது. மருந்தின் சொந்தக்காரர் இல்லாமல் போன நிலையில் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டுக்காக வழக்கறிஞர்களோடு அலைய நேர்ந்தது.

என்னதான் மருந்து அது? இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் பிற்பாடு நடந்தது விளங்கும். எங்கள் இரத்தத்தில் ரி கலங்கள் என்று ஒரு வகை வெண்கலங்கள் உண்டு (தமிழ்நாட்டு வாசகர்கள் 'கலம்' என்ற இடத்தில் 'செல்' அல்லது 'உயிரணு' என்று படித்துக்கொள்ளவும், நான் இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவன்). நோய்க் கிருமியோடு சண்டை பிடிப்பவை இவை. கண்டபடி சண்டை பிடித்தால் உடலுக்கே ஆபத்து என்பதால் இயற்கை இவற்றுக்கு இரட்டைப் பூட்டு வைத்திருக்கிறது. வங்கிப் பெட்டகத்தைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வேண்டும், வங்கிக்காரரின் சாவியும் வேண்டும் அல்லவா, அதுபோல. முதற்சாவி, இன்ன கிருமி வந்திருக்கிறது என்ற அடையாளம். இரண்டாவது, கலத்தின் மேற்பரப்பில் உள்ள சி.டி.28 என்னும் ஏற்பியினூடாக வரும் சம்மதம். ரி.ஜி.என்.1412 ஒரு பிறபொருளெதிரி, அதாவது ஆன்டிபாடி. அது சி.டி.28இல் ஒட்டிக்கொண்டு முதற்சாவியே இல்லாமல் பெட்டகத்தைத் திறக்கும் ஆற்றல் உடையது.

வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தோமஸ் ஹூனிக் 1990களில் எலிகளில் இந்த விந்தையைக் கண்டார். எலியில் இவ்வகை ஆன்டிபாடி, சண்டையை அடக்கி வைக்கும் பொலிஸ்கார ரி கலங்களையே அதிகமாகப் பெருக்கியது. அப்படியானால், உடல் தன்னைத்தானே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு இது அருமருந்தாகலாம். ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கும் பயன்படலாம். கருத்து அழகானது. இன்றைக்கும் அதைப் படிக்கும்போது, இது ஏன் பலிக்காமல் போனது என்ற ஏக்கம் வருகிறது.

எலியிலிருந்து மனிதருக்குப் போக இடையில் குரங்கு வேண்டும். குரங்கின் சி.டி.28 மனிதருடையதைப் போன்றது என்று பார்த்து மக்காக் குரங்குகளைத் தெரிவு செய்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கொடுத்தும் குரங்குகள் பழுதில்லாமல் இருந்தன. அதை 500ஆல் வகுத்து, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று மனிதருக்கு நிர்ணயித்தார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 மில்லிகிராம். ஒரு பரசிற்றமோல் வில்லையில் இருக்கும் மருந்தின் எழுபதில் ஒரு பங்கு. யாருக்கும் அது மிக அவதானமான அளவாகவே தோன்றும்.

மனிதக் கலங்களிலும் பார்க்காமல் விடவில்லை. பரிசோதனைச் சாலையில் மனித இரத்தக் கலங்களோடு மருந்தைக் கலந்து பார்த்தார்கள். கலங்கள் சும்மா இருந்தன. ஆக, குரங்கும் 'பயமில்லை' என்றது, மனிதக் கலமும் 'பயமில்லை' என்றது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே திரும்பவும் வருவேன்.

ஏன் இரண்டுமே ஏமாற்றின என்பது துலங்கச் சில ஆண்டுகள் பிடித்தன. துலக்கியவர்களில் முக்கியமானோர் இலண்டனுக்கு வடக்கே பொட்டேர்ஸ் பாரில் உள்ள அரச உயிரியல் தர ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகள். மருந்தைக் கரைசலில் மிதக்கவிட்டால் மனிதக் கலம் அசையாது; அதையே ஒரு தட்டில் ஒட்டி உலரவைத்து அதன்மேல் கலங்களை விட்டால் கொந்தளிக்கும் என்று 2007இல் காட்டினார்கள். 2010இல் குரங்கின் மர்மமும் அவிழ்ந்தது. ஏற்கனவே சண்டை கண்டு பழகிய, ஞாபகமுள்ள ரி கலங்கள் மனித உடலில் உண்டு. மனிதரில் அவை சி.டி.28ஐ வைத்திருக்கின்றன. மக்காக் குரங்கில் அதே வகைக் கலங்கள் முதிரும்போது சி.டி.28ஐ இழந்துவிடுகின்றன. பூட்டு ஒரே மாதிரிப் பூட்டுத்தான். ஆனால் குரங்கு வீட்டில் முக்கியமான கதவில் பூட்டே இருக்கவில்லை. மனிதரில் அந்தக் கலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு, சைட்டோகைன் என்ற இரசாயனச் சமிக்ஞைகளை இரத்தத்தில் கொட்டின. 'சைட்டோகைன் புயல்' என்ற தொடரை 2020இல் கொரோனாக் காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள்கூட எழுதின. அதை மிகத் தெளிவாக, நேரக் குறிப்போடு, தொடக்கம் முதல் மருத்துவர்கள் பார்த்த இடம் நோர்த்விக் பார்க்தான்.

அந்தப் பார்வையின் பதிவு 2006 செப்டம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' சஞ்சிகையில் வெளிவந்தது. முதல் ஆசிரியர் பெயர் கணேஷ் சுந்தரலிங்கம்; அந்த வைத்தியசாலையின் தீவிர சிகிச்சை நிபுணர். பெயரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்ததை மறைப்பானேன். ஆனால் கட்டுரை பெருமைக்குரிய காரணம் வேறு. மருந்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஓர் இரவில், ஒரே நேரத்தில் ஆறு பேர் சரிகிறார்கள். உயர்ந்த அளவில் ஸ்ரீரொயிட், இரத்தச் சுத்திகரிப்பு, இருவருக்கு நாட்கணக்கில் சுவாசத்துக்கும் இதயத்துக்கும் முண்டு. இருபத்துநான்கு மணி நேரத்தில் அவர்களுடைய வெண்கலங்களில் குறித்த வகைகள் ஏறக்குறைய மறைந்தே போயின. இவ்வளவையும் அந்தக் கட்டுரை மணிக்கணக்கு வைத்துச் சொல்கிறது. ஒரு துப்பறியும் கதையின் இறுக்கம் அதில் இருக்கிறது, ஒரு சொல்லும் மிகை இல்லாமல்.

இனி அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் விசாரித்து, மருந்தில் கலப்படமோ தயாரிப்புப் பிழையோ அளவுப் பிழையோ காரணமல்ல என்றது. ஆவணங்களில் சில குறைபாடுகள் கண்டாலும், அவற்றால் இது நேரவில்லை. மருந்தின் எதிர்பாராத உயிரியல் விளைவே காரணம் என்றது. அனுமதித்த நிறுவனமும் அதுதான் என்பதால் பலருக்கு இந்த முடிவு திருப்தி தரவில்லை. பின்னர் பேராசிரியர் கோர்டன் டஃப் தலைமையில் அமைக்கப்பட்ட நிபுணர் குழு 2006 இறுதியில் 22 பரிந்துரைகளை வைத்தது. அக்குழு கணக்குப் பார்த்தபோது, 'மிகச் சிறிய அளவு' என்று நம்பப்பட்ட அந்த 0.1 மில்லிகிராமே சி.டி.28 ஏற்பிகளில் சுமார் 90 விழுக்காட்டைப் பிடித்திருக்கும் என்று தெரிந்தது. விலங்குக்குத் தீங்கு செய்யாத பெரிய அளவிலிருந்து கீழே இறங்கி வரும் பழைய கணக்குக்குப் பதிலாக, மனிதரில் ஏதாவது ஒரு விளைவு தெரியக்கூடிய ஆகச் சிறிய அளவிலிருந்து மேலே ஏறும் கணக்கு இவ்வகை மருந்துகளுக்கு வந்தது. 2007இல் ஐரோப்பிய மருந்து முகமையும் வழிகாட்டு நெறி வெளியிட்டது.

பரிந்துரைகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, படித்தவுடன் 'இதைக்கூடவா சொல்லவேண்டும்' என்று தோன்றுகிற ஒன்று. முதன்முதலாக மனிதருக்குப் போகும் மருந்தை முதலில் ஒருவருக்குக் கொடு. கொடுத்துவிட்டு, மருந்தின் தன்மைக்கேற்பப் போதிய நேரம் பொறுத்திருந்து பார். அதன்பின் அடுத்தவருக்குக் கொடு. இந்த ஒரு விதி அன்று இருந்திருந்தால் நோர்த்விக் பார்க்கில் பாதிக்கப்பட்டிருப்பவர் ஒருவர் மட்டுமே. குரங்கின் கலத்தைப் பற்றி 2010இல் தெரிந்ததை 2006இல் யாரும் அறிந்திருக்க முடியாது. அதற்காக எவரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் இரண்டு மணி நேரம் பொறுத்திருக்க எந்த நவீன விஞ்ஞானமும் தேவைப்படவில்லை. எங்கள் வீடுகளில் புதுக் காளானோ பெயர் தெரியாத கீரையோ வந்தால் முழுக் குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது? எந்தத் தீய நோக்கத்திலிருந்தும் வந்ததாக நான் நினைக்கவில்லை. காலை ஆரம்பித்து மதியத்துக்குள் எல்லோருக்கும் ஏற்றிவிட்டு, குறித்த நேரங்களில் இரத்தம் எடுத்து, ஒரே நாளில் அட்டவணையை முடிக்கும் வசதி. பல சோதனைகளில் அப்படிச் செய்து ஒன்றும் நடக்காமல் போனதால் வந்த பழக்கம்.

ஹரோவோடு இது முடியவில்லை. பிரான்சில் ரென் நகரில், போர்த்துக்கல் நிறுவனமான பியாலின் பி.ஐ.ஏ.10-2474 என்ற மருந்து 2016 ஜனவரியில் சோதிக்கப்பட்டது. அது நாளுக்கொரு தடவை பல நாள் கொடுக்கும் சோதனை. அதிகூடிய அளவு பெற்ற குழுவில் ஒருவர் 10ஆம் திகதி மாலை சுகவீனமுற்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அடுத்த நாள் காலை, அவருக்கு என்ன ஆனதென்று சரியாக அறியும் முன்பே, குழுவின் மற்ற ஐவருக்கும் அன்றைய மருந்து கொடுக்கப்பட்டது. முதலாமவர் மூளைச் சாவடைந்து 17ஆம் திகதி இறந்துபோனார். மற்றவர்களில் நால்வருக்கு நரம்பியல் பாதிப்புகள். மருந்து வேறு, நாடு வேறு, பொறிமுறை வேறு. பொறுக்காத ஓர் இரவு மட்டும் பொதுவாக இருக்கிறது.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இவை அபூர்வமான விபத்துகள். ஒரு பெரிய மருந்து நிறுவனத்தின் 394 முதற்கட்டச் சோதனைகளில் மருந்து பெற்ற 11,028 பேரைப் பற்றி 2015இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஆய்வொன்று வந்தது. அவர்களில் கடும் பாதிப்புக்கு உள்ளானவர்கள் 34 பேர், அதாவது 0.31 விழுக்காடு, அவையும் எல்லாம் மருந்தால் வந்தவையல்ல. இறப்பு எதுவுமில்லை. எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் முன்பின் தெரியாத யாரோ சில இளைஞர்களின் நரம்பைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. நண்பரின் மகனிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன்.

இவ்வளவு பழைய கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம் அந்தப் பையன் மட்டுமல்ல. மருந்துத் துறையில் இன்று எங்கு திரும்பினாலும் ஒரே பேச்சு, வேகம். பிரித்தானிய அரசு 2025 ஏப்ரலில் ஓர் அறிவிப்புச் செய்தது. மருந்துச் சோதனை ஒன்றைத் தொடங்க 250 நாட்களுக்கு மேல் செல்கிறது, அதை 2026 மார்ச்சுக்குள் 150 நாட்களாகக் குறைப்போம் என்பது அதன் சாரம். கெடு வைத்த மாதம் நோர்த்விக் பார்க்கின் இருபதாவது ஆண்டு நிறைவு மாதம் என்பதை அறிவிப்பை எழுதியவர் கவனித்திருக்க மாட்டார். நோர்த்விக் பார்க்கிலிருந்து அதே மெட்ரோபாலிட்டன் ரயிலில் கிங்ஸ் குரொஸ் போனால் அங்கே செயற்கை நுண்ணறிவால் மூலக்கூறுகளை வடிவமைக்கும் ஐசோமோர்பிக் லாப்ஸ் இருக்கிறது. புரதங்களின் வடிவத்தைக் கணினியால் ஊகித்ததற்காக அதன் நிறுவனர் டெமிஸ் ஹசாபிஸ் 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆண்டுக்கணக்கில் தேடிய மூலக்கூறுகளை மாதக்கணக்கில் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். நடக்கலாம், நடந்தால் நல்லது. இலண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் போட்ட கணக்கில் புதிய மருந்து ஒன்றின் ஆய்வுச் செலவின் நடுமதிப்பு 98.5 கோடி டொலர். அதில் பெரும் பங்கு தோற்றுப்போகும் மருந்துகளின் செலவு. நல்ல மூலக்கூறை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மருந்தின் விலையும் குறைய இடமுண்டு, நிறுவனங்கள் குறைத்தால்.

கோப்புகள் மேசைக்கு மேசை தூங்கும் நாட்களைக் குறைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. 250 நாளில் பெரும்பகுதி ஒப்பந்தமும் கையெழுத்தும்தான். ஆனால் 'தாமதம்' என்ற ஒரே சொல்லுக்குள் கோப்பின் தூக்கத்தையும், கட்டில் அருகே பொறுத்திருப்பதையும் சேர்த்துப் போட்டுப் பேசும் போக்கு பயமாக இருக்கிறது.

இன்னொன்று விலங்குச் சோதனை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரல் 10 அன்று, மோனோகுளோனல் ஆன்டிபாடிகளில் தொடங்கி விலங்குச் சோதனைகளைப் படிப்படியாகக் கைவிடத் திட்டமிடுவதாக அறிவித்தது. பதிலாகக் கணினி மாதிரிகளும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதக் கலங்களும் சிற்றுறுப்புகளும் வரும் என்றது. ரி.ஜி.என்.1412ஐக் காட்டிக் குரங்கை நம்பியதால் வந்த வினை என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்வதுண்டு. குரங்குகளுக்கு இது நல்ல செய்தி, நானும் மகிழ்கிறேன். ஆனால் மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, 2006இல் ஏமாற்றியது குரங்கு மட்டுமல்ல. தட்டில் இருந்த மனிதக் கலமும் ஏமாற்றியது. கலத்தை எப்படி வைப்பது, மருந்தை எதில் ஒட்டுவது என்பதெல்லாம் புயல் அடித்த பின்புதான் தெரியவந்தது. இரத்தத்திலிருந்து எடுத்த கலங்களை அடர்த்தியாக இரண்டு நாள் வளர்த்தபின் சோதித்தால் அவை மனித உடலில் போலவே கொந்தளிக்கும் என்பதை ஹூனிக்கின் குழுவே 2011இல் கண்டது. விடை தெரிந்தபின் அதற்கேற்ற சோதனையை அமைப்பது எளிது. அடுத்த மருந்து ஏமாற்றப்போகும் வழியை இன்றைய சில்லுறுப்பு அறியும் என்று எப்படிச் சொல்வது? எந்த மாதிரியைத் தாண்டி வந்தாலும் ஒரு நாள் ஒரு மனிதரின் கையில் முதல் ஊசி இறங்கவேண்டும்.

வேகமும் பொறுமையும் ஒன்றாக நிற்க முடியாது என்பாருக்கு 2020 ஏப்ரலைக் காட்டலாம். அதற்கு முந்திய மாதந்தான் நோர்த்விக் பார்க் வைத்தியசாலை தீவிர சிகிச்சைக் கட்டில்கள் நிரம்பி நெருக்கடி நிலை அறிவித்தது. எங்களில் பலர் ஆட்களை இழந்த மாதங்கள் அவை. உலகமே தடுப்பூசிக்காகக் கத்திக்கொண்டிருந்தது. ஏப்ரல் 23 அன்று ஒக்ஸ்போர்ட் தடுப்பூசியின் சோதனை தொடங்கியது. முதல் நாள் ஊசி போட்டது இருவருக்கு மட்டுமே. ஒருவருக்குப் புதிய தடுப்பூசி, மற்றவருக்கு ஒப்பீட்டுக்கான வேறு ஊசி. பிறகு 48 மணி நேரம் பார்த்திருந்தார்கள். அதன்பின் இன்னும் ஆறு பேர். அதற்குப் பின்புதான் நூற்றுக்கணக்கானோர். கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டியும், பணத்தை முன்கூட்டிக் கொட்டியும், கோப்புகளை உடனுக்குடன் பார்த்தும் ஆண்டு முடியுமுன் அனுமதி பெற்றார்கள். அந்த இரண்டு நாளைத் தொடவில்லை.

பொறுத்திருந்து பார்ப்பதில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1956இல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றோடு இலண்டனிலிருந்து பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகமும் சேர்ந்து நடத்தியது. வழிநடத்த இலண்டனிலிருந்து போனவர் வாலஸ் பொக்ஸ். சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் கிடப்பவருக்கும், நெருக்கடியான வீட்டில் இருந்துகொண்டே மாத்திரை எடுப்பவருக்கும் குணமாவதில் பெரிய வேறுபாடில்லை என்று 1959இல் அந்த ஆய்வு காட்டியது. உலகின் காசநோய் வைத்தியமே அதனால் மாறியது. கூட இருந்த வீட்டாருக்கு நோய் தொற்றுகிறதா என்று ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஏழை நோயாளிகளுக்குச் சோதனையில் சேர்வதால் மருந்து கிடைத்தது, குணமும் கிடைத்தது. நோர்த்விக் பார்க் இளைஞர்கள் நோயாளிகள் அல்லர். அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நன்மை காசோலை.

அந்தக் காசோலையின் தர்க்கம் விசித்திரமானது. இங்குள்ள விதிமுறைப்படி தொண்டருக்குக் கொடுக்கும் பணம் அவருடைய நேரத்துக்கும் அசௌகரியத்துக்கும் மட்டுமே. ஆபத்துக்கு விலை வைக்கக்கூடாது. அதிக ஆபத்துக்கு அதிக பணம் என்றால் ஏழைகள் மட்டுமே ஆபத்தை வாங்குவார்கள் என்பது காரணம். நல்ல விதிதான். ஆனால் இரண்டு கிழமைக்கு மூவாயிரம் பவுண் யாருக்குப் பெரிய பணம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் விதி தடுக்க நினைத்தது வேறு வாசலால் உள்ளே வந்து அமர்ந்திருப்பது தெரியும். வெளிநாட்டு மாணவனின் கல்விக் கட்டணம், ஊரில் வட்டிக்கு வாங்கிய காசு, ஈடுவைத்த காணி. தகவல் படிவம் முப்பது பக்கம் வருகிறது. எங்கள் பையன் அதில் முதலில் தேடியது பணம் எப்போது கைக்கு வரும் என்ற வரியை.

அவனைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, அந்த மூவாயிரத்தை நான் கொடுக்கப் போவதும் இல்லை. நாலு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இந்த மருந்து இதற்கு முன் மனிதருக்குப் போயிருக்கிறதா? முதல் நாளில் எத்தனை பேருக்குக் கொடுப்பீர்கள், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் எவ்வளவு நேரம்? தீவிர சிகிச்சைப் பிரிவு எத்தனை நிமிடத் தூரம்? கம்பனி மூடிப்போனால் இழப்பீடு யார் தருவார்? வேறு சோதனையில் அண்மையில் சேர்ந்திருந்தால் மறைக்காதே, அதற்கு நாடளாவிய பதிவேடு இருக்கிறது என்றும் சொன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் கதைத்தான். கேள்விகளைக் கேட்டானாம். மருந்து ஏற்கனவே சிலருக்குக் கொடுக்கப்பட்டதுதான். இடைவெளியைப் பற்றிக் கேட்டபோது தாதி கடதாசியைப் பார்க்காமலே சொன்னாராம், புது அளவு ஒவ்வொன்றும் முதல் நாள் இரண்டு பேருக்கு மட்டும், மற்றவர்களுக்கு அடுத்த நாள்தான் என்று. நாலாவது கேள்விக்கு மட்டும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து காப்புறுதிப் பத்திரத்தின் பக்கத்தைக் காட்டியிருக்கிறார்.

"பிறகென்ன, சேர்ந்திட்டியோ?"

"இல்லை மாமா. இரத்தத்திலை இரும்புச் சத்துக் காணாதாம். திருப்பி அனுப்பிப் போட்டினம்."

இப்போது கடையில் கூடுதல் நேரம் கேட்டுப் பார்க்கப் போகிறானாம். அவனுடைய விசா, படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விடாது. அதை அவனும் அறிவான், முதலாளியும் அறிவார்.